கோடு தாண்டிய இழைகள் – 6: தடுமாறிய புழு

பால்டிமோரில் நிறுத்தியிருந்தோம். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பெர்ட் வோகல்ஸ்டைனின் குழு பெருங்குடல் புற்றுக்கட்டிகளை ஆராய்ந்தபோது, 70 சதவீதத்துக்கும் மேற்பட்ட கட்டிகளில் 18ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் ஒரு துண்டைக் காணவில்லை. புற்றைத் தடுத்து நிறுத்தும் ஏதோ ஒரு மரபணு அந்தத் துண்டோடு போயிருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, எரிக் ஃபியரனும் சகாக்களும் தேடலில் இறங்கினார்கள். 1990 ஜனவரி 5ஆம் தேதி 'சயின்ஸ்' இதழில் அந்த மரபணு பிடிபட்ட செய்தி வெளியானது. பெருங்குடல் புற்றில் நீங்கிப்போனது என்பதால், ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு 'டி.சி.சி.' என்று பெயர்.

மரபணு கிடைத்துவிட்டது, ஆனாலும் ஒரு உறுத்தல் மிச்சமிருந்தது என்று சென்ற வாரம் முடித்திருந்தேன். அந்த உறுத்தல் புரதத்தின் உருவத்தில் இருந்தது.

டி.சி.சி. மரபணு உருவாக்கும் புரதம் செல்லின் சவ்வில் செருகி நிற்பது. பெரும்பகுதி செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நுனியில் இம்யூனோகுளோபுலின் வகை மடிப்புகள் 4, அதையடுத்து ஃபைப்ரோநெக்டின் வகை மடிப்புகள் 6. பிறகு சவ்வை ஒரே ஒரு முறை துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. உள்ளே ஒரு நீண்ட வால். மொத்தம் 1,447 அமினோ அமிலங்கள். இந்த அமைப்பை உயிரியலாளர்கள் ஏற்கெனவே வேறோர் இடத்தில் பார்த்திருந்தார்கள். வளரும் கருவில் நரம்புச் செல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள உதவும் புரதங்கள் இப்படித்தான் இருக்கும். ஃபியரனின் கட்டுரையே இந்த ஒற்றுமையைச் சொல்லியிருந்தது.

குடல் சவ்வில் அந்தப் புரதம் இருந்த அளவு மிகச் சொற்பம். தாராளமாக இருந்த இடம் மூளை. குடலில் புற்றைத் தடுப்பதுதான் இதன் வேலை என்றால், மூளையில் இதற்கு என்ன வேலை?

விடையின் முதல் பாதி அதே மாதம், 1990 ஜனவரியில், 'நியூரான்' என்ற வேறோர் இதழில் அச்சாகியிருந்தது. எழுதியவர்கள் எட்வர்ட் ஹெட்ஜ்காக், ஜோசப் குலோட்டி, டேவிட் ஹால். அவர்களுடைய கட்டுரையில் புற்றுநோய் என்ற பேச்சே இல்லை. அது ஒரு புழுவைப் பற்றியது. ஒரே மாதத்தில் அச்சேறிய இந்த இரு கட்டுரைகளும் ஒரே மரபணுவைச் சுற்றி வருகின்றன என்பது வெளிச்சத்துக்கு வர இன்னும் ஆறு ஆண்டுகள் ஆகும்.

*

புழுவின் பெயர் சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ். நீளம் 1 மில்லிமீட்டர். உடல் கண்ணாடி மாதிரி தெளிவு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு செல்லையும் நுண்ணோக்கியில் எண்ணலாம். நரம்புச் செல்கள் 302, அவ்வளவுதான். கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே இந்தச் சிக்கனம்தான். ஒரு நரம்பு மண்டலத்தை முழுசாகப் படித்து முடிக்க வேண்டுமென்றால், முடிக்கக்கூடிய அளவில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் நினைத்தார்.

ஆரோக்கியமான புழு, பாக்டீரியா பரப்பிய அகர் தட்டின்மேல் உடலை மேலும் கீழுமாக வளைத்து அலை அலையாக நகரும். போன வழியெல்லாம் ஒரே சீரான நெளிகோடு விழும். பிரென்னர் புழுக்களுக்கு மரபணுக்களைச் சிதைக்கும் ரசாயனத்தைக் கொடுத்து, அவற்றின் சந்ததியைத் தட்டுத் தட்டாகக் கவனித்தார். சில புழுக்கள் சுருண்டு கிடந்தன. சில பின்னோக்கிப் போகத் தெரியாமல் விழித்தன. சில நெளிய முயன்று, பாதியில் உடல் மடங்கி நின்றன. 1974ல் வெளியான அவருடைய கட்டுரையில் சுமார் 100 மரபணுக்கள் இடம்பெற்றன. அவற்றில் 77, புழுவின் நடையைக் கெடுப்பவை. ஒருங்கிணைப்பு இல்லாத புழுக்கள் என்ற பொருளில் இவற்றுக்கு 'அன்க்' என்று சுருக்கப் பெயர் வைத்து வரிசையாக எண் கொடுத்தார்கள்.

அன்க்-5, அன்க்-6, அன்க்-40 ஆகிய மூன்றைத்தான் ஹெட்ஜ்காக் குழு எடுத்துக்கொண்டது. இந்தப் புழுக்களின் தசையில் கோளாறு இல்லை. நரம்புச் செல்களும் எண்ணிக்கையில் குறையவில்லை. தப்பு வேறெங்கோ இருந்தது: நரம்பிழைகள் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

புழுவின் உடலை ஒரு குழாயாக எடுத்துக்கொண்டால், சில நரம்பிழைகள் அதன் சுவரை ஒட்டி முதுகுப் பக்கம் ஏறும். சில வயிற்றுப் பக்கம் இறங்கும். அன்க்-5 கெட்டால் முதுகுப் பயணம் பாழாகிறது. அன்க்-40 கெட்டால் பெரும்பாலும் வயிற்றுப் பயணம் பாழாகிறது. அன்க்-6 கெட்டால் இரண்டுமே பாழ். இந்த மூன்று வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு ஊகம் தானாக எழுகிறது. அன்க்-6 ஒரு அறிவிப்பு. அது வயிற்றுப் பக்கத்திலிருந்து வருகிறது. அதைக் கேட்டு நெருங்குவதற்கு ஒரு காது, கேட்டு விலகுவதற்கு இன்னொரு காது.

எனக்கு இந்தத் தொடரிலேயே மிகவும் பிடித்த தர்க்கம் இது. ஒரு மூலக்கூறைக்கூடக் கையில் எடுக்காமல், எந்தப் புழு எந்தப் பக்கம் தடுமாறுகிறது என்பதை வைத்தே வழிகாட்டுதலின் முழு அமைப்பையும் எழுதிவிட முடிந்தது. 1992ல் அன்க்-6 மரபணுவைப் படித்தபோது, அது செல்லிலிருந்து வெளியே சுரந்துவிடப்படும் ஒரு புரதம் என்பது தெரிந்தது. அறிவிப்பு என்ற ஊகம் சரிதான்.

அப்படியானால் புழுவுக்கு மட்டும்தானா இந்த அறிவிப்பு?

*

மூன்றாம் வாரத்தில் பார்த்த சாந்தியாகோ ரமோன் இ காஹாலை மறந்திருக்க மாட்டீர்கள். 1890ல் கோழிக் கருவின் தண்டுவடத்தை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றிப் பார்த்தபோது, வளரும் நரம்பிழையின் நுனியில் ஒரு சின்ன விரிவைக் கண்டார். வளர்கூம்பு என்று அதைச் சொல்கிறோம். இருட்டில் சுவரைத் தடவி வழி தேடும் கை போல அது விரல்களை நீட்டுகிறது, சுருக்குகிறது, திரும்புகிறது. காஹால் பார்த்ததெல்லாம் உயிரில்லாத சீவல்கள்தான். அந்த நுனி அசைவதை உயிருள்ள நரம்பிழையில் நேரில் பார்த்தவர் ராஸ் ஹாரிசன். தவளைக் கருவின் திசுவை ஒரு துளி நிணநீரில் வளர்த்து அதைச் செய்தார். இந்தக் கதையில் அடிக்கடி தலைகாட்டும் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில்தான் அவர் அப்போது வேலை பார்த்தார்.

நரம்பிழையை ஏதோ ஒரு ரசாயனம் தூரத்திலிருந்து கூப்பிடுகிறது என்று 1892லேயே காஹால் எழுதிவிட்டார். அதை நிரூபிக்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆனது.

அந்தச் சோதனையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டினால், முதுகுப் பக்கத்தில் பிறக்கும் ஒருவகை நரம்புச் செல்களின் இழைகள் கீழ்நோக்கி இறங்கி, நட்டநடுக் கோட்டைத் தாண்டி உடலின் மறுபக்கம் போகும். இடது பக்கத்துச் செய்தி வலது மூளைக்குப் போவதற்கு இப்படிப்பட்ட கடப்புகள் வேண்டும். கோட்டின் அடியில் 'தளத்தட்டு' என்ற குறுகலான செல்பட்டை இருக்கிறது. 1988ல் மார்க் டெசியர்-லவின், மரிசியா பிளாசெக், ஆண்ட்ரூ லம்ஸ்டன், ஜேன் டாட், தாமஸ் ஜெசல் ஆகியோர் எலிக் கருவின் தண்டுவடத்திலிருந்து முதுகுப் பக்கத் துணுக்கு ஒன்றையும் தளத்தட்டுத் துணுக்கு ஒன்றையும் வெட்டியெடுத்தார்கள். இரண்டையும் கொலாஜன் கூழில், ஒன்றையொன்று தொடாமல் சற்றுத் தள்ளிப் பதித்தார்கள். இரண்டுக்கும் நடுவே வெறும் கூழ். வேறு செல் கிடையாது, பிடித்துக்கொண்டு போகப் பாதையும் கிடையாது. ஆனாலும் இழைகள் துணுக்கைவிட்டு வெளியே வந்து, கூழைத் துளைத்துக்கொண்டு தளத்தட்டு இருக்கும் திசையில் வளர்ந்தன. ஏதோ ஒன்று தளத்தட்டிலிருந்து கசிந்து அவற்றைக் கூப்பிட்டது.

கூப்பிடும் பொருளைப் பிரித்தெடுக்க வேண்டுமே! தளத்தட்டு மிகச் சின்னது. அதிலிருந்து புரதம் சேர்ப்பது நடக்கிற காரியமில்லை. சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்து ஆய்வகம் தொடங்கியிருந்த டெசியர்-லவினின் குழுவினர், அதே ஈர்ப்புச் சக்தி கோழிக் கருவின் மூளைச் சாற்றிலும் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஆயிரக்கணக்கான கோழிக் கரு மூளைகளைச் சேகரித்து, அரைத்து, பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் எலித் தண்டுவடத் துணுக்கின்மேல் சோதித்து, இழையை வளரச் செய்யாததையெல்லாம் ஒதுக்கிக்கொண்டே போனார்கள். டிட்டோ செராஃபினி, டிம் கென்னடி ஆகியோரின் பெயர்கள் முன்னே நிற்கும் இரண்டு கட்டுரைகள் 1994 ஆகஸ்டில் 'செல்' இதழில் வந்தன. பிடிபட்டவை இரண்டு புரதங்கள். வழிநடத்துபவர் என்று பொருள்படும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து அவற்றுக்கு நெட்ரின்-1, நெட்ரின்-2 என்று பெயரிட்டார்கள்.

நெட்ரினின் அமினோ அமில வரிசையைப் படித்தபோது அது அன்க்-6ஐ ஒத்திருந்தது. புழுவின் வம்சமும் நம்முடைய வம்சமும் பிரிந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அத்தனை காலமும் அந்த ஒரே புரதம், அந்த ஒரே வேலையைச் செய்துகொண்டு வந்திருக்கிறது.

அழைப்பு கையில் கிடைத்துவிட்டது. கேட்கும் காது எங்கே?

*

1996 அக்டோபரில் 'செல்' இதழின் ஒரே இதழில் மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து அச்சாயின. மூன்றையும் ஒரே மூச்சில் படித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

முதல் கட்டுரை கசுகோ கெய்னோ-மாசு, மசயுகி மாசு ஆகியோர் டெசியர்-லவினின் ஆய்வகத்தில் செய்தது. கோட்டைத் தாண்டப் புறப்படும் நரம்பிழைகளின் சவ்வில் என்ன புரதம் இருக்கிறது என்று தேடினார்கள். கிடைத்தது டி.சி.சி. அதைத் தாங்கிய செல்களின்மேல் நெட்ரினை ஊற்றினால் ஒட்டிக்கொண்டது. டி.சி.சி.யை மூடி மறைக்கும் எதிர்ப்புரதத்தைச் சேர்த்தால், நெட்ரின் எவ்வளவு கூப்பிட்டாலும் இழைகள் வளரவில்லை. இரண்டாவது கட்டுரை குலோட்டியின் ஆய்வகத்திலிருந்து: அன்க்-40 மரபணுவைப் படித்துவிட்டோம், அது புழுவின் டி.சி.சி. மூன்றாவது பழப்பூச்சியில்: அதே குடும்பத்து மரபணு, அதே கோடு தாண்டும் வேலை.

பால்டிமோரில் கட்டிக்குள் காணாமல்போன மரபணுவும், கேம்பிரிட்ஜில் அகர் தட்டின்மேல் தடுமாறிய புழுவின் மரபணுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. குடலில் எவ்வளவு தேடினாலும் பிடிபடாத அதன் தொழிலை, நடை கெட்ட புழு 22 ஆண்டுகளாகக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. பிரென்னர் புழு வளர்க்கத் தொடங்கியபோது இதனால் எந்த நோய்க்கு என்ன பயன் என்று கேட்டவர்களுக்கு அவரிடம் விடை இருந்திருக்காது. அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமலே அவரால் வேலையைத் தொடர முடிந்ததை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

அப்படியானால் புற்றுநோய்?

*

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் சாதாரண ஆள் இல்லை. புற்றைத் தடுக்கும் மரபணுக்களில் முதலில் பிடிபட்ட 'ஆர்.பி.' மரபணுவைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ராபர்ட் வைன்பெர்க். அவருடைய ஆய்வகத்தில் அமீன் ஃபசேலியும் சகாக்களும் டி.சி.சி. செயல்படாத எலிகளை உருவாக்கினார்கள். 1997ல் 'நேச்சர்' முடிவை வெளியிட்டது.

இரண்டு பிரதிகளில் ஒன்றை இழந்த எலிகளுக்குப் புற்று கூடவில்லை. குடலின் வளர்ச்சியிலும் வித்தியாசம் இல்லை. இரண்டு பிரதிகளையும் இழந்த குட்டிகள் பிறந்த ஒரு நாளுக்குள் இறந்தன. அவற்றின் மூளையைத் திறந்து பார்த்தால், இடது அரைக்கோளத்தையும் வலது அரைக்கோளத்தையும் இணைக்கும் கார்ப்பஸ் கலோசம் என்ற பெரும் நரம்புப் பட்டை இல்லவே இல்லை. கோட்டைத் தாண்ட வேண்டிய இழைகள் தாண்டாமலே திரும்பியிருந்தன.

18ஆம் குரோமோசோமில் அந்தத் துண்டு போவதால் கட்டி வளர்கிறது என்ற கவனிப்பு மட்டும் பொய்யாகவில்லை. 1996ல், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஸ்காட் கெர்னின் குழு கணையப் புற்றை ஆராயும்போது, டி.சி.சி.க்கு அருகிலேயே இன்னொரு மரபணுவைப் பிடித்தது. இன்று அதை 'ஸ்மாட்-4' என்கிறோம். காணாமல்போகும் துண்டில் உண்மையான காவலாளி அதுதான் என்று பலர் முடிவுசெய்தார்கள். டி.சி.சி.யின் பெயரில் புற்று ஒட்டிக்கொண்டது, புற்று ஆய்வாளர்கள் அதைக் கைவிட்டார்கள். அந்தக் கைவிடல் அவசரமானது என்று லியோனில் பாட்ரிக் மெலன் வாதாடியதும், 2012ல் எலிகளைக் கொண்டே வழக்கு மறுபடி திறக்கப்பட்டதும் தனி அத்தியாயம் கேட்கும் கதை. பிறகு வருகிறேன்.

டி.சி.சி.யோ நடையை விடுவதாக இல்லை. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் யாரும் திட்டமிடாமல் ஒரு எலிவகை தோன்றியது. எலிக்குரிய ஓட்டமே அதற்கு வரவில்லை. இடதும் வலதும் மாறி மாறி எடுத்துவைக்க வேண்டிய பின்னங்கால்கள் இரண்டும் சேர்ந்தே எழுந்தன. கங்காரு மாதிரி தாவித் தாவிப் போனது. பெயரே 'கங்கா' என்றாகிவிட்டது. 2002ல் காரணம் வெளியானது: அதன் டி.சி.சி. மரபணுவில் ஒரு பகுதி நீங்கியிருந்தது. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இழைகள் பக்கம் மாறவேண்டிய இடத்தில் மாறவில்லை.

புழு, எலி. அடுத்தது நாம்.

ஒரு குழந்தை வலது கையால் சட்டைப் பொத்தானைப் பிடிக்கிறது. இடது கை விரல்களும் காற்றில் அதே பிடியைப் பிடிக்கின்றன. எழுத உட்கார்ந்தால், பேனா இல்லாத கையும் சேர்ந்து எழுதுகிறது. அடக்கப் பார்த்தாலும் அடங்குவதில்லை. அறிவில் குறை கிடையாது, தசையில் பலவீனம் கிடையாது. தட்டச்சு, வீணை, கயிறு திரிப்பது என்று இரண்டு கைகளும் வெவ்வேறு வேலை செய்யவேண்டிய எதுவும் வாழ்நாள் முழுக்கப் போராட்டம்தான். மருத்துவர்கள் இதைப் பிறவிக் கண்ணாடி அசைவு என்கிறார்கள். கியூபெக்கில் நான்கு தலைமுறைகளாக இது தொடர்ந்த ஒரு பிரெஞ்சு-கனடியக் குடும்பத்தையும் ஈரானியக் குடும்பம் ஒன்றையும் ஆராய்ந்து, மிரியம் ஸ்ரூரும் கீ ரூலோவும் 2010ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். பழுது டி.சி.சி. மரபணுவின் ஒரு பிரதியில் இருந்தது. பாதிச் செவித்திறன் மட்டும் மிஞ்சிய நிலையில் இழைகள் எல்லாம் சரியாகக் கோடு தாண்டுவதில்லை; மூளையின் ஒரு பக்கம் போட்ட உத்தரவு இரு கைகளுக்கும் போய்ச் சேர்கிறது.

எல்லாம் பொருந்திவிட்டது. நெட்ரின் கூப்பிடும், டி.சி.சி. கேட்கும், இழை கோட்டைத் தாண்டும். கேட்காவிட்டால் புழு சுருளும், எலி தாவும், மனிதனின் இரு கைகளும் சேர்ந்தே அசையும். பாடநூல்களில் படத்தோடு ஏறிவிட்ட கதை இது.

2017ல், பாரிஸில் அலன் ஷெடோட்டலின் குழு புதிதாகப் படிக்கப்பட்ட பறவை மரபணுத் தொகுதிகளை வரிசையாக எடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் டி.சி.சி.யைத் தேடியது. பெரும்பாலான பறவைகளிடம் அது இருந்தது. இரண்டு கிளைகளில் மட்டும் இல்லை. பரிணாமத்தின் போக்கில் இரண்டு முறை தனித்தனியாகத் தொலைந்திருந்தது. ஒரு கிளை காகமும் சிட்டுக்குருவியும் சேர்ந்த கூட்டம். மற்றது மயில், காடை, கோழி.

ஆம், கோழி. எதன் கருவில் காஹால் வளர்கூம்பைக் கண்டாரோ, எதன் ஆயிரக்கணக்கான மூளைகளிலிருந்து நெட்ரின் வடிந்து வந்ததோ, அந்தக் கோழியிடம் நெட்ரினைக் கேட்க டி.சி.சி. இல்லை. ஆனாலும் கோழிக் கருவைத் திறந்து பார்த்தால், இழைகள் நடுக்கோட்டை மற்றப் பறவைகளைப் போலவே தாண்டியிருக்கின்றன.

அங்கே கேட்பது யார்?

(தொடரும்)